‘பிஸி’ என்கிறது, விட மறுக்கிறது: மட்டக்களப்பு அச்சகம் ஒன்றின் நெற்வேர்க் கோப்புறை

மட்டக்களப்பு நகரில் ஓர் அச்சகத்தில் பக்க வடிவமைப்பு செய்யும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அச்சகத்தின் முன்பக்கம் மூன்று கணினிகள். மூன்றிலும் உபுண்டு என்ற லினக்ஸ். ஸ்க்ரைபஸ், இங்க்ஸ்கேப், கிம்ப் ஆகிய வடிவமைப்புப் புரோகிராம்களில்தான் வேலை. பின்னறையில் ஒரு பழைய கணினி சேர்வராக நிற்கிறது. எல்லா வேலைக் கோப்புகளும் அதில் இருக்க, முன்பக்கக் கணினிகள் ஒவ்வொன்றிலும் நெற்வேர்க்கில் கோப்புகளைப் பகிரும் என்எஃப்எஸ் வழியாக ‘வேலை’ என்ற பெயரில் ஒரு கோப்புறையாக அது மவுண்ட் ஆகிறது, அதாவது இணைகிறது. அமைத்துக் கொடுத்த தம்பி இப்போது கட்டாரில். கார்த்திகை மழையில் ஒருநாள் பின்னேரம் கரண்ட் போய் வந்தது. முன்பக்கத்துக்கு யூபிஎஸ் உண்டு. பின்னறைச் சேர்வருக்கும் ரவுட்டருக்கும் இல்லை. கரண்ட் வந்த பிறகு இவர் ஸ்க்ரைபஸில் சேவ் கொடுத்தார், ஜன்னல் அப்படியே உறைந்து நின்றது. கோப்புறையைத் திறந்தால் அதுவும் உறைந்தது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் என்று காட்டும் டிஎஃப் கட்டளை கொடுத்தால், கட்டளை எழுதும் ஜன்னலான டெர்மினல் திரும்பி வரவில்லை. அன்மவுண்ட் செய்ய, அதாவது அந்த இணைப்பைக் கழற்ற, யுமவுண்ட் கொடுத்தார், தொங்கியது. -எஃப் சேர்த்தார், ‘டார்கெட் இஸ் பிஸி’ என்றது. இணையத்தில் தேடி -எல் சேர்த்தார், ஒரு நொடியில் முடிந்தது. ஆனால் திரும்ப மவுண்ட் செய்தால் மறுபடி தொங்கல். கடைசியில் முழுக் கணினியும் உறைந்துபோக, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டார்.

மறுநாள் பக்கத்துக் கடையில் இருந்து ஒருவர் வந்து பார்த்தார். சேர்வரின் நெற்வேர்க் முகவரியான ஐபி எண் 192.168.1.20 இலிருந்து 192.168.1.23 ஆக மாறியிருந்தது. மூன்று கணினிகளிலும் எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் புது எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஓடியது. அன்று கொடுக்க வேண்டிய, இறந்தவர் ஒருவரின் முப்பத்தோராம் நாள் நினைவுக் கல்வெட்டுப் புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்களைத்தான் காணவில்லை. முதலாளி இவரில் பிழை சொல்கிறார், சம்பளத்தில் பிடிப்பேன் என்கிறார். இது தவிர, கரண்ட் போகாத நாளிலும் சில நேரம் ‘பிஸி’ வருகிறது, முதலாளியின் லப்டொப் அணைய மறுக்கிறது என்றும் எழுதியிருக்கிறார். கேள்விகள் இவை: ஹார்ட் டிஸ்க் பழுதா, வைரஸா? இனிமேல் எப்போதும் -எல் போட்டால் போதுமா? மவுண்டை ‘சொஃப்ட்’ என்று மாற்றச் சொல்கிறார்களே, மாற்றலாமா? பேசாமல் விண்டோஸ் ஷெயாருக்கே போய்விடலாமா?

சகோதரி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதியதில் டிஸ்க் பழுதுக்கோ வைரஸுக்கோ ஓர் அறிகுறியும் இல்லை. என்எஃப்எஸ் என்பது 1984 இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த பழைய ஏற்பாடு. அன்றிலிருந்து இன்றுவரை அதற்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது: சேர்வர் பதில் சொல்லாவிட்டால், பதில் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘ஹார்ட்’ மவுண்ட் என்பது அதுதான். எதுவும் சொல்லாமல் மவுண்ட் செய்தால் ஹார்ட்டாகத்தான் ஆகும். உங்கள் ஸ்க்ரைபஸ் செத்துப்போகவில்லை, எழுதக் கொடுத்த பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு சேர்வருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நீங்கள் அதை ஒரு பழுதாக நினைத்து உடைத்துத் திறக்கப் பார்த்தீர்கள். யாரும் அப்படித்தான் செய்வார்கள், மறுநாள் வேலையைக் கொடுக்க வேண்டுமே. ஆனால் அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய இடம் உங்கள் கணினி இல்லை, பின்னறை.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், உங்களுக்கு அவை தெரிந்தவைதான். கோட்டுக்குப் பின்னால் வரும் எழுத்து சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்கிறேன்.

இரண்டு வேறு நோய்கள்

உங்கள் கடிதத்தில் ‘அன்மவுண்ட் ஆகவில்லை’ என்று ஒரே பெயரில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. கட்டளை சட்டென்று திரும்பி வந்து ‘டார்கெட் இஸ் பிஸி’ என்று சொன்னால், உங்கள் கணினிக்குள் யாரோ அந்தக் கோப்புறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அப்போது சேர்வர் நலமாக இருக்கும். கட்டளை எதுவும் சொல்லாமல் தொங்கினால் சேர்வரிடமிருந்து பதில் இல்லை என்று பொருள். முதலாவதற்குப் பிடித்திருப்பவரைத் தேட வேண்டும். இரண்டாவதற்குச் சேர்வரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். கரண்ட் போன அன்று உங்களுக்கு இரண்டும் ஒன்றாக வந்தன. அதனால்தான் குழம்பிப்போனீர்கள்.

எது என்று அறிய டிஎஃப் வேண்டாம். மவுண்ட் ஆன ஒவ்வொன்றிடமும் போய் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அது கேட்கும், பதில் சொல்லாத சேர்வரிடம் போய் மாட்டிக்கொள்ளும். டிஎஃப் -எல் என்று கொடுத்தால் உள்ளூர் டிஸ்க்கை மட்டும் பார்க்கும். எது எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்க ஃபைண்ட்மவுண்ட் போதும். அது லினக்ஸின் உட்கருவான கர்னலின் பட்டியலைத்தான் வாசிக்கும், சேர்வரைத் தொடாது. அப்புறம் நிர்வாகி அனுமதி தரும் சூடோவோடு, கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கொடுத்துக் கடைசி வரிகளைப் பாருங்கள். ‘நொட் ரெஸ்பொண்டிங், ஸ்டில் ட்ரையிங்’ என்று சேர்வரின் எண்ணோடு ஒரு வரி இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

அன்று என்ன செய்திருக்கலாம்

கரண்ட் வந்ததும் ரவுட்டர் புதிதாக எழும்பி, சேர்வருக்கு வேறு ஐபி எண் கொடுத்துவிட்டது. உங்கள் கணினியோ பழைய 20 ஆம் எண்ணையே தட்டிக்கொண்டிருந்தது. அங்கே ஆளில்லை. சேர்வர் 23 இல் நலமாக உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் சேர்வருக்குப் பழைய எண்ணையும் கூடுதலாகக் கொடுத்திருந்தால் போதும். பின்னறையில் சேர்வரின் முன்னால் உட்கார்ந்து, சூடோவோடு ‘ஐபி அட்ரஸ் ஆட் 192.168.1.20/24 டெவ்’ என்று எழுதி, கடைசியில் அதன் நெற்வேர்க் கார்டின் பெயரைப் போட வேண்டும். அதற்கு முன் வேறு கணினியிலிருந்து 20 ஐப் பிங் செய்து, பதில் வருகிறதா என்று பாருங்கள். ரவுட்டர் அந்த எண்ணை யாருடைய ஃபோனுக்காவது கொடுத்திருந்தால் இரண்டும் மோதும்.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், இதுதான் கஷ்டம். மீண்டும் எழும்பிய சேர்வர், பழைய ஆட்கள் வந்து கோப்புகளில் தாங்கள் போட்டிருந்த பூட்டுகளைத் திரும்பச் சொந்தம் கொண்டாடட்டும் என்று சிறிது அவகாசம் கொடுக்கும். என்எஃப்எஸ் 4 இல் அது வழக்கமாக 90 வினாடி. உங்கள் கணினியும் அறுந்த தொடர்பை உடனுக்குடன் தட்டாது, போகப் போக இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டியிருக்கும். டிமெஸ்ஜியில் அதே சேர்வர் எண்ணோடு ‘ஓகே’ என்று வரி விழும். உறைந்திருந்த ஸ்க்ரைபஸ் ஒன்றுமே நடக்காதது போலத் தொடரும், சேவ் முடியும். கரண்ட் போய் அரைநாள் கழித்து சேர்வர் வந்தாலும் இப்படித்தான். முன்பக்கக் கணினி அணையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் நான்கு பக்கங்களும் பெரும்பாலும் உங்கள் கணினியின் நினைவகத்தில்தான் இருந்திருக்கும். சேவ் கொடுத்ததும் ஸ்க்ரைபஸ் எழுதியது முதலில் அங்கே போய்ச் சேரும். கோப்பை மூடும்போது அதையெல்லாம் சேர்வருக்குத் தள்ளி முடித்த பிறகே என்எஃப்எஸ் ‘சரி’ என்று சொல்லும். அந்தத் தள்ளுதல்தான் தொங்கிக்கொண்டிருந்தது. -எஃப் போட்டதும் காத்திருந்த கோரிக்கைகள் வெட்டப்பட்டன. மீதியைப் பவர் பட்டன் முடித்துவைத்தது.

முதலாளியிடம் இதைக் காட்டுங்கள். கடையில் யூபிஎஸ் இல்லாமல் நின்றது எந்தக் கணினி, எண்ணை நிலையாக வைக்காமல் விட்டது யார் என்பதை அவரே பார்த்துக்கொள்ளட்டும். சம்பளத்தில் பிடிப்பேன் என்று அவர் சொன்னதற்கு நான் பதில் சொல்ல முடியாது, அது என் துறை இல்லை. ஆனால் தொழில்நுட்பக் காரணம் கேட்டால், வேலை செய்தவரின் கவனயீனம் என்று என்னால் எழுத முடியாது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. சேர்வரில், அது பகிரும் கோப்புறைகளைக் காட்டும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி என்று கொடுத்து, வரும் வரியில் ‘சிங்க்’ இருக்கிறதா ‘ஏசிங்க்’ இருக்கிறதா என்று பாருங்கள். ஏசிங்க் என்றால், டிஸ்க்கில் எழுதும் முன்னரே ‘எழுதிவிட்டேன்’ என்று சேர்வர் சொல்லிவிடும். வேகம் வேண்டும் என்று சிலர் அப்படி வைப்பார்கள். கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில், அதுவும் யூபிஎஸ் இல்லாத சேர்வரில், இது ஆபத்தான ஏற்பாடு. ஒன்றும் எழுதாமல் விட்டால் இப்போதைய லினக்ஸ் சிங்க் என்றுதான் எடுக்கும். ஏசிங்க் இருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டாரில் இருக்கும் தம்பியிடம் சேர்வரின் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்காமல் இதில் எதையும் தொட முடியாது. இன்றைக்கே கேளுங்கள்.

-எல் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

-எல் உடனே முடிந்ததும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தீர்கள். கடையின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கடை மூடியதாகிவிடாது, உள்ளே ஆட்கள் இருந்துகொண்டுதான் இருப்பார்கள். -எல் செய்வதும் அவ்வளவுதான். கோப்புறையின் பெயரைக் கண்ணில் படாமல் எடுத்துவிடும், பிடித்திருக்கும் புரோகிராம்கள் எல்லாம் விடும்போது உண்மையான அன்மவுண்ட் பின்னால் நடக்கும். அவை விடாவிட்டால் நடக்கவே நடக்காது. உறைந்த ஸ்க்ரைபஸ் எப்படி விடும்? யுமவுண்டின் கையேட்டிலேயே, நெற்வேர்க் கோப்புறைக்கு -எல் போடுகிறவர் விரைவில் கணினியை ரீபூட் செய்வார் என்று எதிர்பார்ப்பதாகத்தான் எழுதியிருக்கிறது. அதை அன்றாட மருந்தாக எடுக்காதீர்கள். அதில் இன்னொரு தீமை, பெயர் போய்விட்டதால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று பிறகு தேடுவதும் கஷ்டமாகிவிடும்.

-எஃப் வேறு மாதிரி. பதில் சொல்லாத சேர்வருக்காகக் காத்திருக்கும் கோரிக்கைகளை அது வெட்டிவிடும். எழுதப்படாமல் இருந்தது அதோடு போய்விடும். வெட்டிய பிறகும் ஏதாவது புரோகிராம் கோப்புறையைப் பிடித்திருந்தால் ‘பிஸி’ என்றுதான் வரும், உங்களுக்கு வந்தது போல. அது தொங்காது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஆனாலும் இவை வேண்டிய நாள் வரலாம். சேர்வரின் மதர்போர்ட் எரிந்துவிட்டது, இன்றைக்கு எழும்பாது என்று நிச்சயமாகத் தெரிந்தால் காத்திருந்து பயனில்லை. அப்போது இந்த ஒழுங்கில் போங்கள்.

முதலில் உள்ளூர் டிஸ்க்கில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதவைக்கும் சிங்க் கட்டளையை வெறுமனே கொடுத்தால் அது என்எஃப்எஸ்ஸிடமும் போய் மாட்டிக்கொள்ளும். ‘சிங்க் -எஃப்’ கொடுத்து உங்கள் ஹோம் கோப்புறையின் பாதையைப் போட்டால் அந்த டிஸ்க் மட்டும் எழுதப்படும். உறையாத புரோகிராம்களில் திறந்திருப்பவற்றை ‘சேவ் அஸ்’ மூலம் ஹோமுக்குள் வையுங்கள். பல நேரம் அந்தப் பெட்டி பழைய கோப்புறையை எட்டிப் பார்க்கப் போய்த் தானும் உறைந்துவிடும், அப்படியானால் விட்டுவிடுங்கள்.

அடுத்து, உறைந்த புரோகிராமைக் கில் -9 மூலம் முடியுங்கள். 2008 இல் வந்த 2.6.25 கர்னலுக்குப் பிறகு, என்எஃப்எஸ்ஸில் மாட்டிய புரோகிராம் பெரும்பாலும் இதற்கு அடங்கும். கன்ட்ரோல் சி போன்ற மெல்லிய வழிகளுக்கு அடங்காது. ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் நிலை ‘டி’ என்று காட்டி, கில் -9 க்கும் அசையாமல் இருக்கிற ஒன்றிரண்டு இருக்கலாம். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அதன் பிறகு யுமவுண்ட் -எஃப், முழுப் பாதையோடு. அதுவும் விடாவிட்டால் -எல். -எல் போட்டால் உடனே ரீபூட்.

கரண்ட் போகாத நாளில் வரும் ‘பிஸி’

எனக்குச் சுவாரசியமாக இருந்தது இந்தப் பகுதிதான். எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை நீங்கள் கொடுத்து வந்த வரிகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஸ்க்ரைபஸை மூடிவிட்டீர்கள், இங்க்ஸ்கேப்பும் மூடியிருக்கிறது, ஆனாலும் ‘பிஸி’. படத்தில் நான்காவது நெடுவரிசையைப் பாருங்கள், தலைப்பில் ‘எஃப்டி’ என்று இருக்கும். அங்கே ‘சிடபிள்யூடி’ என்று வந்தால், அந்தப் புரோகிராம் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருக்கிறது. பெரும்பாலும் உள்ளே போன நிலையில் திறந்து மறந்த ஒரு டெர்மினலாக இருக்கும். அதில் ‘சிடி’ என்று மட்டும் கொடுத்து வெளியே வந்தால் போதும். எண்ணுக்குப் பின்னால் ‘டபிள்யூ’ அல்லது ‘யூ’ வந்தால் எழுதுவதற்காக ஒரு கோப்பு திறந்திருக்கிறது, அதைக் கவனமாக மூட வேண்டும். உங்கள் படத்தில் இவை இரண்டும் இல்லை. இருந்தவை எல்லாம் ‘மெம்’, அதாவது நினைவகத்தில் இணைத்து வைத்த கோப்புகள். வரியின் கடைசியில் ‘வேலை’ கோப்புறைக்குள் உள்ள எழுத்துரு ஒன்றின் பெயர். அதைப் பிடித்திருப்பது நோம்-ஷெல்லும் நோட்டிலஸும்.

அதாவது உங்கள் டெஸ்க்டொப்பே பிடித்திருக்கிறது. எழுத்துருக்களை எல்லாம் சேர்வரில் ஒரே இடத்தில் வைத்து, ஒவ்வொரு கணினியின் எழுத்துருக் கோப்புறையையும் அதற்கு லிங்க் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஓர் எழுத்துருவைச் சேர்த்தால் மூன்றிலும் வரட்டும் என்று அந்தத் தம்பி செய்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஒரு புரோகிராம் எழுத்துருவைப் பயன்படுத்தும்போது அந்தக் கோப்பைத் தன் நினைவகத்தில் இணைத்து வைத்துக்கொள்ளும், புரோகிராம் முடியும்வரை அதை விடாது. உங்கள் கோப்புகளுக்கு நீங்கள் தமிழில்தானே பெயர் வைக்கிறீர்கள்? அந்தப் பெயர்களைத் திரையில் காட்ட டெஸ்க்டொப் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துரு, சேர்வரில் இருந்த ஒன்று. அப்புறம் எப்படி அன்மவுண்ட் ஆகும்?

கரண்ட் போன அன்று முழுக் கணினியும் சேர்ந்து உறைந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. எழுத்து வரைய வேண்டிய ஒவ்வொரு புரோகிராமும் சேர்வரைத் தேடிப் போயிருக்கும். ஒரு கோப்புறை மட்டும் தொங்க வேண்டிய இடத்தில் கணினியே தொங்கிவிட்டது.

எழுத்துருக்களை ஒவ்வொரு கணினியிலும் உள்ளூரில் பிரதி எடுத்து வையுங்கள். லிங்கை நீக்கி, எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஒருமுறை ஓட்டி, லொக் அவுட் செய்து திரும்ப உள்ளே வாருங்கள். புது எழுத்துரு வரும்போது மூன்று முறை பிரதி எடுப்பது ஒரு தொல்லைதான், ஆனால் அது எப்போதாவது ஒருநாள் வருகிற தொல்லை.

இதோடு ஓர் எச்சரிக்கை. பிடித்திருப்பவரைத் தேட எஃப்யூசர் என்ற கட்டளையும் உண்டு, -வி எம் சேர்த்தால் பட்டியல் காட்டும். சில இடங்களில் ‘கே’ சேர்த்து எல்லாவற்றையும் ஒரே அடியாகக் கொன்றுவிடச் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நேரத்தில் கோப்புறை ஏற்கெனவே அன்மவுண்ட் ஆகியிருந்தால், அந்தப் பாதை உங்கள் உள்ளூர் டிஸ்க்கைச் சேர்ந்த வெறும் கோப்புறை. எஃப்யூசர் அந்த டிஸ்க்கைப் பயன்படுத்தும் எல்லாப் புரோகிராமையும் கொல்லப் போகும். பெரிய எழுத்து எம் சேர்த்தால், மவுண்ட் ஆன இடமாக இருந்தால் மட்டும் வேலை செய்யும். ‘கே’ இல்லாமலே பழகுங்கள் என்பேன். சேர்வர் தொங்கிய நிலையில் எல்எஸ்ஓஎஃப் கொடுப்பதானால் -பி சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

சில நேரம் ‘வேலை’க்குள் புள்ளியில் தொடங்கி என்எஃப்எஸ் என்று பெயர் வரும் மறைவுக் கோப்புகள் இருப்பதாகக் கேட்டிருந்தீர்கள். திறந்திருக்கும் ஒரு கோப்பை அதே கணினியில் அழித்தால் என்எஃப்எஸ் இப்படிப் பெயர் மாற்றி வைக்கும். திறந்திருப்பது மூடப்பட்டதும் தானாகப் போய்விடும். கையால் அழிக்க வேண்டாம்.

சொஃப்ட் என்கிறார்கள்

சொஃப்ட் மவுண்ட் சில தடவை கேட்டுப் பார்த்துவிட்டுப் பிழை என்று சொல்லிக் கைவிடும். தொங்கல் குறையும், உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது கைவிட்டால், பாதி எழுதிய கோப்பு சேர்வரில் கிடக்கும். எழுதியது சேரவில்லை என்பதை எல்லாப் புரோகிராமும் கவனித்துச் சொல்லாது. என்எஃப்எஸ் கையேடும் சொஃப்ட்டால் ஓசையில்லாமல் தரவு கெடலாம் என்றே எச்சரிக்கிறது. நாளைக்கு அச்சுக்குப் போக வேண்டிய பக்கம், திறந்து பார்த்தால் அரைகுறை. தொங்கியதாவது கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது.

எழுதுகிற ‘வேலை’க்கு ஹார்ட்டே இருக்கட்டும். பழைய படங்கள், சாமிப் படங்கள், பூ ஓரங்கள் என்று வாசிக்க மட்டும் வைத்திருப்பவற்றைத் தனியாகப் பிரித்து, ரீட்-ஒன்லியாக, சொஃப்ட்டாக மவுண்ட் செய்யுங்கள். அங்கே இழக்க ஒன்றுமில்லை.

விண்டோஸ் ஷெயாருக்கு மாறினாலும் சேர்வரின் எண் மாறினால், கரண்ட் போனால், எழுத்துருவை அங்கே வைத்தால், இதே வகைத் தொல்லை வேறு முகத்தோடு வரும். மூன்றும் லினக்ஸ் கணினிகளாக இருக்கையில் மாறுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அணைய மறுக்கும் லப்டொப்

முதலாளியின் லப்டொப் வைஃபையில் இருக்கிறது, ஷட்டவுன் கொடுத்தால் ‘எ ஸ்டொப் ஜொப் இஸ் ரன்னிங்’ என்று ஒன்றரை நிமிடம் எண்ணுகிறது, சில நாள் அதற்கு மேலும் நிற்கிறது என்கிறீர்கள். அந்த ஒன்றரை நிமிடம், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழக்கமாகக் கொடுக்கும் 90 வினாடி. காரணம் ஒழுங்கு தவறுவது: கோப்புறையை அன்மவுண்ட் செய்யும் முன்னரே வைஃபை போய்விடுகிறது. வைஃபை பாஸ்வேர்ட் அவருடைய பயனர் கணக்கில் மட்டும் சேமிக்கப்பட்டிருந்தால், லொக் அவுட் ஆகும் நேரத்திலேயே தொடர்பு அறுந்துவிடும். அந்த வைஃபையின் செட்டிங்ஸில் மற்றப் பயனர்களுக்கும் கிடைக்கச் செய்யும் ஒரு தெரிவு இருக்கும், அதை இயக்கிவிடுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த லப்டொப் பின்னேரம் கல்லடி வீட்டுக்குப் போகிறது. அங்கே சேர்வர் ஏது? மூடியைச் சாத்தி எடுத்துக்கொண்டு போய் வீட்டில் திறந்தால் தொங்கத்தான் செய்யும். எஃப்எஸ்டேப்பில் அதற்கு நிலையான மவுண்ட் வேண்டாம். ஓப்ஷன்களில் நோஃபெயில், அண்டர்ஸ்கோரோடு நெட்டெவ், எக்ஸ்-சிஸ்டம்டி.ஓட்டோமவுண்ட், எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=300 ஆகியவற்றைச் சேருங்கள். கோப்புறையைத் தொட்டால் மட்டும் மவுண்ட் ஆகும், ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாகக் கழன்றுவிடும். கோப்பு ஏதாவது திறந்திருந்தால் கழலாது. அதனால் கடையை விட்டுக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள்.

மழைக்காலம் முடியும் முன்

செலவு உள்ளது ஒன்றுதான்: பின்னறைச் சேர்வருக்கும் ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் சேர்த்து ஒரு யூபிஎஸ். முன்பக்கத்துக்கு இருந்து பின்னறைக்கு இல்லாமல் இருப்பதைவிட, மாறி இருந்தால்கூடப் பரவாயில்லை என்பது என் கருத்து. மற்றது இலவசம். ரவுட்டரின் செட்டிங்ஸில் ஐபி எண்களைக் கொடுக்கும் டிஎச்சிபி பகுதிக்குள் போய், சேர்வரின் மக் முகவரிக்கு, அதாவது அதன் நெற்வேர்க் கார்டின் அடையாளத்துக்கு, ஓர் எண்ணை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பக்கத்துக் கடைக்காரர் எஃப்எஸ்டேப்பில் 23 என்று மாற்றியிருப்பதால் 23 ஐயே ஒதுக்கலாம். இதைச் செய்யாவிட்டால் அடுத்த கரண்ட் தடையில் 24 ஆகலாம், 25 ஆகலாம், நீங்கள் மறுபடி மூன்று கணினிகளிலும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள்.

சேர்வரின் வேலைக் கோப்புகள் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். சேர்வர் எழும்பும்போது அந்த டிஸ்க் மவுண்ட் ஆகும் முன்னரே என்எஃப்எஸ் தொடங்கிவிட்டால், முன்பக்கக் கணினிகளுக்கு வெறும் கோப்புறை தெரியும், அல்லது ‘ஸ்டேல் ஃபைல் ஹாண்டில்’ என்று வரும். டிஸ்க்கை மவுண்ட் செய்துவிட்டு எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -ஆர்ஏ கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும்.

கல்வெட்டு போல நாள் குறித்த வேலை கையில் இருக்கும்போது, அந்தக் கோப்பை உங்கள் கணினியின் ஹோமுக்குப் பிரதி எடுத்து அங்கேயே வேலை செய்து, சாப்பாட்டு நேரத்திலும் பின்னேரமும் சேர்வருக்குப் போடுங்கள். இரண்டு பேர் ஒரே கோப்பில் கை வைக்காமல் பார்த்துக்கொண்டால் இதில் தீங்கில்லை.

இவற்றை எல்லாம் முடித்த பிறகு, கடை பூட்டியிருக்கும் ஒரு போயா நாளில் சோதித்துப் பாருங்கள். ‘வேலை’க்குள் தேவையில்லாத ஒரு கோப்பை ஸ்க்ரைபஸில் திறந்து, சேர்வரில் இருந்து நெற்வேர்க் கேபிளைக் கழற்றி, சேவ் கொடுங்கள். உறையும். தேநீர் குடித்துவிட்டு வந்து கேபிளைத் திரும்பச் செருகுங்கள். பத்து நிமிடத்துக்குள் டிமெஸ்ஜியில் ‘ஓகே’ வந்து, சேவ் முடிந்தால் உங்கள் ஏற்பாடு சரி. வராவிட்டால் ஃபைண்ட்மவுண்ட் காட்டும் வரியையும், சேர்வரில் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -வி காட்டும் வரியையும், டிமெஸ்ஜியின் கடைசி இருபது வரிகளையும் எனக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டை மட்டும் அனுப்ப வேண்டாம்.